ஆலன் மாமாவின் உண்மைப் பெயர்

புஜைரா,
10.11.2006, வெள்ளிக்கிழமை.

என் செல்ல மகள் அனன்யாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் தம்பி ராஜீவும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். அங்கே டண்டீயில் நீ மூக்கு ஒழுகாமல், காலில் சாக்ஸ் போட்டுக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும் என்று உன் அம்மா பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல இந்த இரண்டு வரியையும் எழுதினேன். சொல்லிவிட்டு அவள் துணி காயப்போடப் பால்கனிக்குப் போய்விட்டாள், இனிமேல் வருவதெல்லாம் என் சொந்தச் சரக்கு. வாரத்துக்கு மூன்று தடவை போனில் பேசுகிறோமே, இந்த மனுஷனுக்கு என்ன வந்தது, காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்துவிட்டாரே என்று நீ நினைப்பாய். போனில் சொல்ல வாய் வராத சங்கதி ஒன்று இருக்கிறது அம்மா. மெயிலில் தட்டினால் பாதியில் அழித்துவிடுவேனோ என்று எனக்கே என் மேல் சந்தேகம். அதோடு நீ கேட்ட, நான் சின்ன வயதில் இருந்த ஸ்காட்லாந்து ஊர் ஆர்ப்ரோத்தின் படங்களை எப்படியும் கவரில் போட்டுத்தானே அனுப்ப வேண்டும். வெள்ளிக்கிழமை தோறும் உன்னைப் பிடித்து உட்காரவைத்துத் தமிழ் சொல்லிக்கொடுத்தேனே, அந்தத் தமிழை வைத்து எழுத்துக்கூட்டி மெதுவாகப் படி. மெதுவாகப் படித்தால் எனக்கும் நல்லது, என் குட்டு ஒரேயடியாக உடையாது.

முதலில் வீட்டுச் செய்தி. உன் அம்மா டிரைவிங் டெஸ்டில் நாலாவது தடவையும் தோற்றுவிட்டாள். போலீஸ்காரர் ‘யல்லா’, கிளம்பு என்று ஆரம்பித்து ‘கலாஸ்’, போதும் என்று முடிக்க மூன்று நிமிஷம்கூட ஆகவில்லையாம். ரவுண்டானாவில் வழிவிட்டு நின்றது ஒரு தப்பா, வந்தவன் எவ்வளவு பெரிய லாரிக்காரன், அவனை நிறுத்திவைக்க நான் என்ன மகாராணியா என்று இரண்டு நாளாக என்னிடம் சண்டை, ஏதோ நான்தான் அந்த லாரியை ஓட்டி வந்தது மாதிரி. ராஜீவ் படிக்கிறான் என்று ராஜீவ் சொல்கிறான், வேறு சாட்சி கிடையாது. தீபாவளியும் பெருநாளும் இந்த வருஷம் அடுத்தடுத்து வந்ததில் பில்டிங் முழுக்கப் பலகாரம். மேல் மாடி மெஹர்பானு அக்கா நமக்கென்று கறி போடாமல் தனியாக ஒரு சட்டி பிரியாணி செய்து கொண்டுவந்து வைத்துவிட்டு, அனன்யா இல்லாம என்னத்த பெருநாள்னு கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு வேலைக்குக் குறைவில்லை. நம் பால்கனியிலிருந்து பார்த்தால் நங்கூரம் போட்ட கப்பல்கள் கடல் முழுக்க நிற்கின்றன, ஒவ்வொன்றாக ஏறி இறங்கி இந்தத் தகடு துருப்பிடித்திருக்கிறது, அந்தச் சங்கிலி தேய்ந்திருக்கிறது என்று எழுதிக்கொடுத்தே என் முழங்கால் தேய்கிறது.

இனி படங்கள். எல்லாப் படத்துக்கும் பின்னால் பென்சிலில் நம்பர் போட்டிருக்கிறேன், ஆர்ப்ரோத் லைப்ரரிக்காரர்கள் பழைய படங்களை வைத்து ஊரைப் பற்றிப் பேசும்போது நீ மாற்றிச் சொல்லிவிடாதே. முதல் நாலும் உன் தாத்தா அங்கே ஆஸ்பத்திரியில் டாக்டராக இருந்தபோது, கூட வேலை பார்த்தவரிடம் வாங்கிய பெட்டிக் கேமராவில் எடுத்தது. ஒன்றாம் நம்பர் கெப்டிக் குளம், 1963 குளிர்காலம். குளம் முழுக்க உறைந்து கல்லாகி ஊரே அதன்மேல் சறுக்கிக்கொண்டிருக்கிறது பார். நடுவில் காஞ்சிபுரம் புடவைக்கு மேலே தாத்தாவின் ஓவர்கோட்டைப் போட்டுக்கொண்டு, இரண்டு கையையும் விரித்து, கீழே விழப்போகிறாளா பறக்கப்போகிறாளா என்று தெரியாமல் நிற்பது என் அம்மா, உன் சுந்தராம்பாள் ஆச்சி. அப்போது அவளுக்கு முப்பது வயது. தண்ணிக்கு மேல நடக்க நாம என்ன சித்தரா, எனக்கு வேண்டாம்னு கத்தினாள், அப்புறம் இருட்டும்வரை அவளை அங்கிருந்து கிளப்ப முடியவில்லை. இரண்டாம் நம்பரில் துறைமுகம். அந்தச் சிவப்புக் கல் சுவர் இப்போதும் அப்படியே இருக்கிறது என்று நீ சொன்னதும் போனை வைத்துவிட்டு இந்தப் படத்தைத்தான் முதலில் தேடி எடுத்தேன். சுவர்மேல் உட்கார்ந்திருக்கும் எலும்புக்கூடு நான்தான். மூன்றில் எங்கள் வீட்டுப் பின்கட்டு. பக்கத்தில் புகை வருகிற பீப்பாய்கள் தெரிகின்றனவா, அதில்தான் மீனைக் கட்டித் தொங்கவிட்டுப் புகை போடுவார்கள். சைவப் பிள்ளைமார் வீட்டுப் பெண்ணைக் கொண்டுபோய் ஊரிலேயே மீன் புகை அதிகம் வருகிற தெருவில் குடிவைத்தவர் உன் தாத்தா. அம்மா மூன்று வருஷமும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டே குடித்தனம் பண்ணினாள். நான் அடுத்த வீட்டில் அந்த மீனை வாங்கி வாங்கித் தின்றது அவளுக்குக் கடைசிவரை தெரியாது. இது நான் சொல்ல வந்த குட்டு இல்லை, இது சில்லறை.

நாலாம் படத்தில் அந்த அடுத்த வீட்டு அம்மாள் இருக்கிறார், மிஸஸ் கார்கில். நம் ஊரில் கார்கில் என்றால் இப்போது சண்டைதான் ஞாபகம் வரும், இவர் அதற்கு நேர்மாறு. நீ லைப்ரரியில் பார்த்தாயே ஜீன், அவருடைய தாய் இவர்தான். அம்மாவுக்கு அந்த ஊர் இங்கிலீஷ் சுத்தமாகப் புரியாது, தாத்தாவுக்கே பாதிதான் புரியும், நான்தான் வீட்டுக்குத் துபாஷி. மிஸஸ் கார்கில் அம்மாவை ‘ஹென்’ என்று கூப்பிடுவார். அது அங்கே கண்ணே என்பது மாதிரி. அம்மா முதல் தடவை அதைக் கேட்டுவிட்டு, ஏல, இவ என்ன என்னைக் கோழிங்கா என்று கோபித்துக்கொண்டு இரண்டு நாள் கதவைத் திறக்கவில்லை. நான் விளக்கிச் சொன்ன பிறகு மூன்றாம் நாள் இட்லியோடு போய் நின்றாள். அதற்கப்புறம் இருவரும் ஒட்டிக்கொண்டார்கள். ஒருத்தி தமிழில் பேசுவாள், ஒருத்தி ஸ்காட்ச்சில் பேசுவாள், ரெண்டு பேரும் சிரிப்பார்கள், நடுவில் நான் சொல்வதுதான் சட்டம். அந்த அதிகாரம்தான் என்னைக் கெடுத்தது மகளே.

ஐந்தாம் படம், மிஸஸ் கார்கிலின் மகன் என்று உனக்குச் சொல்லி வளர்த்தோமே, நம் ஹாலில் தொங்குகிற ஆலன் மாமா. அதை ஞாயிற்றுக்கிழமை ஷார்ஜாவுக்கு எடுத்துப்போய் ரோலாவில் கௌஸ் முகம்மது ஸ்டூடியோவில் காப்பி எடுத்தேன். அவர் புள்ளி, கீறல் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் சரிபண்ணி இரண்டையும் பக்கத்தில் வைத்து, எது புதுசு எது பழசுன்னு நீங்களே சொல்லுங்கண்ணே பாப்போம் என்று சவால் விட்டார். அந்தக் காப்பியைத்தான் உனக்கு அனுப்பப் போகிறேன் என்று உன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். பழைய படம் தபாலில் மடங்கிவிடும், நனைந்துவிடும், தொலைந்துவிடும் என்று காரணமும் சொன்னேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள், அவ்வளவுதான். உனக்குத்தான் தெரியுமே அந்தப் பார்வை.

போன வெள்ளிக்கிழமை நீ அழுதுகொண்டே போன் பண்ணினாய். லைப்ரரியில் ஆலன் மாமா கதையை நீ சொன்னதும் அந்த ஜீன் அம்மாள் எழுந்து வந்து, எனக்கு ஆலன் என்று அண்ணன் யாரும் இல்லை, ஒரே அண்ணன், அவன் பெயர் சாண்டி என்று சொன்னதையும், கைப்பையிலிருந்து ஆல்பத்தை எடுத்து நாலு மூலை மட்டும் ஒட்டியிருக்கிற காலி இடத்தைக் காட்டினதையும், உங்கம்மாதான் எங்க ஆச்சிக்கு கிஃப்டாகக் கொடுத்தாங்க என்று நீ சொன்னதற்கு, எங்கம்மா அதை யாருக்கும் கொடுத்திருக்க மாட்டார் என்று சொல்லிவிட்டு ஆல்பத்தை மூடிக்கொண்டு போய்விட்டதையும் சொன்னாய். எல்லாரும் என்னைத் திருடி மாதிரி பார்த்தாங்கப்பா, கிஃப்ட்தானே அது, சொல்லுங்கப்பா என்று கேட்டாய். நான், ஆமாம்மா கிஃப்ட்தான், வயசானவங்களுக்கு மறந்திருக்கும், நீ விடு என்று சொன்னேன். அனன்யா, நான் சொன்னது பொய். மறந்தது அந்த அம்மாளுக்கு இல்லை. எனக்கும் மறக்கவில்லை. ஒரு வாரமாகக் கப்பலில் ஏறி எதைப் பார்த்தாலும் அந்த நாலு மூலைதான் கண்ணுக்கு முன்னால் நிற்கிறது. இனி நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

1964 மே மாதம் எனக்கு அம்மை போட்டுவிட்டது. தாத்தா, இது மீசில்ஸ், பத்து நாளில் போய்விடும் என்றார், அம்மா வேப்பிலை வேண்டும் என்றாள். ஆர்ப்ரோத்தில் வேப்பிலைக்கு எங்கே போவது. அம்மா மிஸஸ் கார்கிலிடம் போய் அம்மை, இலை, வாசல் என்று கையாலேயே சொல்லியிருக்கிறாள், அந்த அம்மாளுக்கு என்ன புரிந்ததோ, அவர்கள் ஊரில் கெட்டது அண்டாமல் வாசலில் கட்டுகிற ஏதோ ஒரு மரக்கொப்பை ஒடித்துவந்து எங்கள் வாசலில் கட்டிவிட்டார். அம்மாவுக்குப் பரம திருப்தி. நான் படுக்கையில் கிடந்து கப்பலுக்குப் போக முடியலையே என்று நச்சரித்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடம் விட்டால் துறைமுகமே கதியாகக் கிடந்த பயல் நான். அதைப் பார்த்துவிட்டு மிஸஸ் கார்கில் இந்தப் படத்தைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். கப்பல் கைப்பிடியில் சாய்ந்துகொண்டு, தொப்பியைக் கோணலாக வைத்துக்கொண்டு சிரிக்கிற பதினேழு வயதுப் பையன், பின்னால் புகைபோக்கி. கொடுத்துவிட்டு, விரலை ஆட்டி, ‘இட்ஸ் அ லென், மைண்ட்’ என்றார். லென் என்றால் அந்த ஊர்ப் பேச்சில் லோன், அதாவது இரவல். பள்ளிக்கூடத்தில் பென்சில், ரப்பர், கோலிக்குண்டு எல்லாவற்றுக்கும் ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்லுகிற வார்த்தை. இரவல்தான், ஞாபகம் வைத்துக்கொள் என்று சொல்கிறார். பக்கத்தில் நின்ற அம்மா, ‘அ’வையும் ‘லென்’னையும் சேர்த்துக் கேட்டுவிட்டு, ஏ ராசா, பையன் பேரு ஆலனா, அவங்க மகனா என்று என்னைக் கேட்டாள். நான் ஆமா என்றேன்.

அவ்வளவுதான். ஒரே ஒரு ஆமா. இல்லம்மா, இரவல்னு சொல்றாங்க என்று சொல்லியிருந்தால் அம்மா இரண்டாம் நாளே நாலு வடையோடு அதைத் திருப்பிக் கொடுத்திருப்பாள், அடுத்தவர் பொருள் ஒரு ராத்திரி நம் வீட்டில் தங்கினாலே அவளுக்கு ஆகாது. எனக்கு அந்தப் படம் வேண்டியிருந்தது. எட்டு வயதுப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று நீ சொல்வாய். தெரியும். நன்றாகத் தெரிந்துதான் சொன்னேன். ஜூலையில் ஊரில் என் தாத்தாவுக்குச் சீரியஸ் என்று தந்தி வந்து அவசரமாகக் கிளம்பினோம். ஜீனுக்குப் பிரசவம் என்று மிஸஸ் கார்கில் அபர்தீனுக்குப் போயிருந்தார், சொல்லிக்கொள்ளக்கூட முடியவில்லை. அடுத்த வீட்டுக் கதவுக்குக் கீழே தள்ளிவிட்டு வந்திருக்கலாம். டிரங்குப் பெட்டியில் அம்மாவின் புடவை மடிப்புக்குள் வைத்தது என் கை. அதோடும் போகவில்லை. நாலு மாசம் கழித்துத் திருநெல்வேலிக்கு மிஸஸ் கார்கிலிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. அம்மா மாவாட்டுவதை நிறுத்திவிட்டு, ஈரக் கையோடு வந்து உட்கார்ந்து, படில ராசா, படில என்றாள். படித்தேன். பேத்தி பிறந்திருக்கிறாள், குளிர் ஆரம்பித்துவிட்டது, உங்கள் வீட்டில் வேறு ஆள் வந்துவிட்டார்கள், வாசல் வெறிச்சென்று இருக்கிறது, எல்லாம் படித்தேன். கடைசிக்கு முந்தின வரியில், பையன் பார்த்து முடித்துவிட்டால் சாண்டி படத்தை அனுப்பிவையுங்கள், என்னிடம் இருப்பது அது ஒன்றுதான் என்று எழுதியிருந்தார். அந்த வரியை நான் படிக்கவில்லை. அடுத்த வரிக்குத் தாவி, உங்கள் எல்லாருக்கும் என் அன்பு என்று முடித்துவிட்டேன். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு கட்டு அப்பளமும் சந்தன சோப்பும் பார்சல் கட்டி அனுப்பினாள். யோசித்துப் பார், மகன் படம் கேட்டவளுக்கு அப்பளம் போயிருக்கிறது. அதற்கப்புறம் அவரிடமிருந்து கடிதம் வரவில்லை.

படத்துக்கு ஃப்ரேம் போட்டாள் அம்மா. ஆயுதபூஜைக்கு எல்லாப் படத்தையும் துடைத்துப் பொட்டு வைக்கும்போது ஆலனுக்கும் வைப்பாள், நீயும் சின்ன வயதில் நாற்காலி போட்டு ஏறி வைத்திருக்கிறாய். நேற்று இந்த விஷயத்தை முதன்முதலாக ராஜீவிடம் சொன்னேன், அவன் காதிலிருந்து வயரைக் கழற்றிவிட்டு, அப்ப ஆலன் யாருப்பா என்றான். ஆலன்னு யாருமே கிடையாதுடா என்றேன். அவன், அப்ப இத்தனை வருஷமா லோனுக்கா பொட்டு வச்சோம் என்று கேட்டான் பார், எனக்கு அழுகையிலும் சிரிப்பு வந்துவிட்டது, உன் அம்மா உள்ளே போய்ச் சிரித்துவிட்டு வந்தாள். அந்தப் படத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் நான் கப்பலில்தான் வேலை பார்ப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றேன். நாம் சாப்பிடும் சோறு, நீ படிக்கும் படிப்பு எல்லாம் அந்த ஆமாவிலிருந்து வந்தது என்று நினைத்தால் ஒரு மாதிரி இருக்கிறது.

இப்போது நீ கவரைப் பார். அட்டை இரண்டுக்கு நடுவில், பிளாஸ்டிக் உறைக்குள் இருப்பது காப்பி இல்லை, அசல் படம். காப்பியை அனுப்பலாம் என்று உட்கார்ந்துதான் இந்தக் கடிதத்தையே ஆரம்பித்தேன், இவ்வளவும் எழுதின கையால் அதை எடுத்து வைக்க முடியவில்லை. இன்னொன்றையும் உன் அம்மாவிடம்கூட இன்னும் சொல்லவில்லை. கௌஸ் முகம்மது ஃப்ரேமைப் பிரித்தபோது படத்தின் பின்பக்கத்தைக் காட்டி, இங்க என்னமோ எழுதிருக்கே, இதையும் காப்பி எடுக்கவாண்ணே என்றார். மிஸஸ் கார்கிலின் கையெழுத்து. படுக்கையில் கிடந்தபோது அதை எத்தனையோ தடவை படித்திருக்கிறேன், அம்மா ஃப்ரேம் போட்டு மூடினதும் எனக்கும் வசதியாகப் போயிற்று. சாண்டி, பதினேழு வயது, வெள்ளிக்கிழமை கிளம்புகிறான், ஈஸ்டருக்கு வந்துவிடுவான் என்று எழுதியிருக்கிறது. அது 1942. அவன் வரவில்லை, உலகப்போர் நேரம், மூழ்கின கப்பலோடு போய்விட்டான். இது எனக்கு அப்போதே தெரியும், மிஸஸ் கார்கில் என்னிடம் சொல்லியிருந்தார், அதையும் நான் அம்மாவிடம் சொல்லவில்லை, சொன்னால் பெயர்க் குழப்பம் வெளியே வந்துவிடுமே என்று பயம். அந்த எழுத்து ஜீனுடைய தாயின் கையெழுத்து, ஜீன் கையில்தான் இருக்க வேண்டும். வேண்டாம் கௌஸ், அப்படியே மூடுங்க என்று சொல்லிவிட்டேன்.

ஜீன் அம்மாள் அடுத்த மாசம் மகனோடு இருக்க நியூஸிலாந்து போகிறார் என்று லைப்ரரியில் சொன்னதாகச் சொன்னாயே. அதனால் தள்ளிப்போடாதே. கவர் வந்த அன்றே லைப்ரரியில் விலாசம் கேட்டு, டண்டீயிலிருந்து ரயிலேறி நேரே வீட்டுக்குப் போய்க் கொடு. எங்க ஆச்சி தப்பாகப் புரிந்துகொண்டார் என்று சொல்லாதே, பழியை அம்மா மேல் போட்டால் என்னால் தாங்க முடியாது. எங்கப்பாவுக்கு லென் என்றால் என்ன என்று தெரியும், தெரிந்தே வைத்துக்கொண்டார், கடிதத்தில் கேட்டதையும் மறைத்தார் என்று அப்படியே சொல். திட்டினால் கேட்டுக்கொள், பதில் பேசாதே. கதவைச் சாத்தினாலும் தப்பில்லை. டீ கொடுத்தால் மட்டும் வேண்டாம் என்று சொல்லாமல் குடித்துவிட்டு வா. அவர் சமாதானமானால் நான் ஒரு நாள் போனில் பேசலாமா என்று கேள், சமாதானம் ஆகாவிட்டால் கேட்காதே.

அப்புறம், அவர் உட்கார்ந்து கேட்கிற மாதிரி இருந்தால் இதையும் சொல். திருநெல்வேலியில் என் அம்மா அவருடைய அண்ணனைக் கடைசிவரை உயிரோடு இருக்கிற பிள்ளை என்றுதான் நினைத்திருந்தாள். வருஷா வருஷம் திருச்செந்தூருக்குப் போவாள், அர்ச்சனைத் தட்டை நீட்டி, தாத்தா பெயர், என் பெயர், உன் அம்மா பெயர், நீ பிறந்த பிறகு உன் பெயர், எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, ஆலன், நட்சத்திரம் தெரியாது சாமி, கடல்ல போற பிள்ளை, நல்லபடியா கரை சேரணும்னு சொல்லி அர்ச்சனை பண்ணுங்க என்பாள். முப்பத்தைந்து வருஷம், ஒரு வருஷம் விடவில்லை. நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

உனக்கு எல்லா நலமும் கிடைக்கட்டும், படிப்பும் உடம்பும் உன் கையை விட்டுப் போகாமல் இருக்கட்டும். படத்தைக் கொடுத்துவிட்டு வந்த உடனே, எத்தனை மணியானாலும் எனக்குப் போன் பண்ணு. பொய் சொன்னதற்கு உன்னிடமும் மன்னிப்புக் கேட்கிறேன் மகளே.

அன்பும் ஆசியும் மாறாத,
உன் அப்பா
அனந்தகிருஷ்ணன்